எக்ஸ்ரேயில் தெரியாத வீக்கம்: என் மகளின் மூட்டுகளும் கதிர்வீச்சில்லாத ஸ்கேன்களும்

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்பதும் மூட்டு நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. என் மகளுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது இந்த வேறுபாடு எங்கள் வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. காலையில் பாயை விட்டு எழுந்ததும் வலது காலை மடக்காமல் விறைப்பாக வைத்து நடப்பாள். பத்து மணி ஆவதற்குள் முற்றத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஓடத் தொடங்கிவிடுவாள். வலிக்கிறது என்று அழவும் மாட்டாள். முதலில் காட்டிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை, வளர்கிற வயதில் வருகிற வலிதான் என்று சொல்லிச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வளர்ச்சி வலி என்பது பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வந்து காலையில் இல்லாமல் போவது என்பதையும், காலையில் நொண்டி நடந்து பொழுது ஏற ஏறச் சரியாகும் பிள்ளைக்கு மூட்டில் அழற்சி இருக்கலாம் என்பதையும் அன்று யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்குப் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

அந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்பியவர் தக்கலைப் பக்கத்தில் இருக்கும், வர்ம வைத்தியம் செய்யும் ஓர் ஆசான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளை விழுந்தாலோ காலைப் பிசகினாலோ ஆசானிடம் கொண்டுபோவது வழக்கம். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு முழங்கால்கள் மேலும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு என் கையை எடுத்து அதேபோல் வைக்கச் சொன்னார். வலது முட்டில் சூடு தெரிந்தது. "இது சுளுக்கு இல்ல மக்களே, உள்ள சூடு கெடக்கு. நான் தடவ மாட்டேன், டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். தன் வித்தையின் எல்லை எது என்று அறிந்த மனிதர் அவர்; அவருக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

திருவனந்தபுரத்தில் குழந்தைகளின் மூட்டு நோய்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம்தான் நோயின் பெயர் கிடைத்தது. பதினாறு வயது நிறைவதற்கு முன் தொடங்கி, ஆறு வாரங்களுக்காவது நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத மூட்டு அழற்சியை ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள், சுருக்கமாக ஜே.ஐ.ஏ. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் சைனோவியம் என்னும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, அதில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, மூட்டுக்குள் நீர் கோக்கிறது. நெடுநாள் கவனிக்காமல் விட்டால்தான் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. எக்ஸ்ரே நன்றாகக் காட்டுவது இந்தக் கடைசிக் கட்டத்தை. தொடக்கத்தில் தடித்திருக்கும் சவ்வை அது காட்டுவதில்லை. அதிலும் சிறு குழந்தையின் மூட்டு முனைகளில் பெரும்பகுதி இன்னும் எலும்பாக மாறாத குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் அது வெற்றிடமாகத்தான் தெரியும். இரத்தப் பரிசோதனையும் கைகொடுக்காமல் போகலாம். அழற்சியை அளக்கும் பரிசோதனைகளில் எங்கள் மகளுக்கு இ.எஸ்.ஆர். சற்றே கூடுதலாக இருந்தது, சி.ஆர்.பி. சரியாக இருந்தது. ருமட்டாய்டு பேக்டர் என்னும் எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தது. ஜே.ஐ.ஏ. உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த ருமட்டாய்டு பேக்டர் இருப்பதே இல்லை என்பதால், அது இல்லை என்ற தாளை வைத்துக்கொண்டு நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டி அழுத்திப் பார்த்தே நோயைப் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டார். ஆயினும் நீர் மட்டும் இருக்கிறதா, சவ்வும் தடித்திருக்கிறதா, வெளியே வீங்காத வேறு மூட்டுகள் உள்ளே வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதினார். ஊருக்குத் திரும்பி அருகில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் அதை எடுத்தோம். வந்த அறிக்கை ஒரே வரி: மூட்டில் லேசாக நீர் இருக்கிறது. சவ்வைப் பற்றி ஒரு சொல் இல்லை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் பார்த்தார்களா என்ற குறிப்பு இல்லை, மறு முழங்கால் பக்கமே போகவில்லை. அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர் யாரையும் குறை சொல்லவில்லை. புதிதாக ஒரு கடிதம் எழுதினார். எந்தெந்த மூட்டுகள், இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும், சவ்வின் தடிப்பையும் நீரையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும், பவர் டாப்ளரில் இரத்த ஓட்டம் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும், குழந்தை இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்பவை எல்லாம் அதில் இருந்தன. "முழங்கால் ஸ்கேன்" என்று மட்டும் எழுதிய சீட்டோடு போவதற்கும் இப்படிப்பட்ட கடிதத்தோடு போவதற்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டேன். அதனால் இன்று யார் என்னிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: சீட்டில் கேள்வி என்ன என்று எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள், பிறகு சென்டருக்குத் தொலைபேசியில் பேசி, குழந்தைகளின் மூட்டை டாப்ளரோடு பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் எந்த நாளில் வருகிறார் என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

இரண்டாவது ஸ்கேனை அருகில் நின்று பார்க்க என்னை அனுமதித்தார்கள். மகளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றைக் கொடுத்துக் காலை லேசாக மடக்கி வைத்தார்கள். டாக்டரம்மா முதலில் நோயில்லாத இடது முழங்காலைப் பார்த்தார்; பிள்ளைக்குப் பயம் தெளியும், ஒப்பிட ஒரு சரியான படமும் கிடைக்கும் என்றார். ஜெல்லைக் கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வைத்தார். திரையில் முட்டுச்சிப்பியின் மேல் விளிம்பு வெள்ளைக் கோடாகவும், அதற்கு மேலே தொடைத் தசையின் நாண் நீளநீளமான இழைகளாகவும் தெரிந்தன. வலது முழங்காலில் அந்த நாணுக்குக் கீழே கறுப்பாக ஒரு தேக்கம். தோலின் மேல் வைத்துப் பார்க்கும் கருவியான புரோபை மெல்ல அழுத்தியதும் கறுப்பு அங்கிருந்து விலகியது. விலகாமல் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஒன்று அங்கேயே நின்றது. நகர்வது நீர், நகராதது தடித்த சவ்வு என்று விளக்கினார். பிறகு டாப்ளருக்கு மாற்றி, தோலின் மேல் பட்டும் படாமலும் பிடித்தார், ஏனென்றால் அழுத்தினால் அந்த நுண்ணிய குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டம் இல்லாததுபோல் தோன்றிவிடும். சாம்பல் மடிப்புகளுக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் மின்னி மின்னி மறைந்தன. இடது முழங்காலில் அப்படி எதுவும் இல்லை. மாதக்கணக்கில் வார்த்தைகளாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நோயை அன்றுதான் நான் நேரில் பார்த்தேன். மருந்து தேவைதானா என்று அதுவரை தயங்கிக்கொண்டிருந்த என் கணவருக்கும் அந்தப் படம் பதிலாயிற்று.

இந்த ஸ்கேனில் கதிர்வீச்சு எதுவும் இல்லை. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். மூட்டுகள் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் ஒரு விநாடிக்கு ஒரு கோடிக்கும் மேல் அதிரும் உயர் அலைவெண் ஒலியை அனுப்பும் தட்டையான புரோபைப் பயன்படுத்துகிறார்கள். வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த புரோபில் இவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. மயக்க மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், பிள்ளை அம்மாவின் மடியில் இருந்தபடியே பார்க்கலாம், ஒரே அமர்வில் பல மூட்டுகளையும் பார்த்துவிடலாம், சிகிச்சைக்குப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பவரின் கைப்பழக்கம் இதில் மிக முக்கியம். குழந்தையின் குருத்தெலும்பு அல்ட்ராசவுண்டில் கறுப்பாகவே தெரிவதால் அதை நீர் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. வளரும் எலும்பு முனைகளுக்குப் போகும் இயல்பான இரத்தக் குழாய்களும் டாப்ளரில் மின்னும் என்பதால் அதை அழற்சி என்று எண்ணிவிடவும் வாய்ப்புண்டு. பெரியவர்களின் மூட்டை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கும் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும்.

இவ்வளவு எளிய கருவி மருத்துவரின் மேசையிலேயே இருந்தால் என்ன என்று நான் கேட்டதுண்டு. நம் நாட்டில் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து பெண் சிசுவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் இடமும் பதிவு செய்யப்பட வேண்டும். முழங்காலை மட்டும் பார்க்க வாங்கினாலும் கருவிக்கு அந்தச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டம் அவசியமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இந்தப் பதிவுக் கட்டுப்பாட்டால் மூட்டு மருத்துவர்கள் பலர் கருவியைத் தாமே வைத்துக்கொள்ளாமல் ஸ்கேன் சென்டருக்கு எழுதி அனுப்புகிறார்கள் என்பதைப் பெற்றோர் புரிந்துகொண்டால் அலைச்சலைத் திட்டமிட்டுக் குறைக்கலாம்.

கதிர்வீச்சு என்ற சொல்லை எங்கள் கரையோரத்துக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதனால் எங்கள் கடற்கரையின் சில பகுதிகளில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். மணல் ஆலையைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் பேசாத வீடு இங்கே இல்லை. ஆகவே மகளுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றபோது என் மாமியார் கோபப்பட்டதில் வியப்பில்லை: "ஏற்கெனவே இந்த மண்ணுல கெடக்கியது போதாதா, பிள்ளைக்கு இனி அது வேறயா?" இந்தப் பயத்தை அலட்சியம் செய்யாமல், அளவுகளை வைத்துப் பேச வேண்டும் என்று நான் கருதுகிறேன். இயற்கையில் இருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் உலக சராசரி சுமார் 2.4 மில்லிசீவர்ட். கை, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்தால் கிடைப்பது ஒரு மில்லிசீவர்ட்டில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேன் அப்படியல்ல, அதில் பல மில்லிசீவர்ட் வரை போகலாம். எனவே கை காலுக்கு மருத்துவர் காரணத்தோடு கேட்கும் எக்ஸ்ரேயை மறுப்பது பிள்ளைக்கு நன்மை அல்ல. எலும்பு முறிவையும், கட்டியையும், எலும்பு அரிப்பையும் விலக்கிப் பார்க்க அது வேண்டும். அழற்சி உள்ள முழங்கால் இரத்த ஓட்டம் கூடுவதால் மறு காலைவிட வேகமாக நீண்டுவிடுவது உண்டு, அந்த நீள வேறுபாட்டை அளக்கவும் அது உதவும். என் மகளுக்கும் அப்படி ஒருமுறை எடுத்தோம். ஆனால் அழற்சி தணிந்ததா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய ஒரு நோயில், செல்கள் வேகமாகப் பிரிந்து வளரும், இன்னும் நெடுங்காலம் வாழவேண்டிய ஒரு குழந்தைக்கு, கதிர்வீச்சில்லாமலே அதைவிட நன்றாகக் காட்டும் வழி இருக்கும்போது அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. குழந்தைகளின் மூட்டழற்சியைக் கண்டறிவதில் மருத்துவரின் கைப்பரிசோதனையைவிட அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் நுட்பமானவை என்று ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்களின் குழு 2015-இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் கூறப்பட்டிருக்கிறது.

முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நோய் எதிர்ப்பு அமைப்பின் தாக்குதலைத் தணிக்க, வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தையும் தொடங்கினார்கள். அந்த மருந்தைத் தவறி தினமும் கொடுத்துவிட்டால் பேராபத்து என்பதால் ஞாயிறு என்று கிழமையைப் பெரிய எழுத்தில் டப்பாவின் மேல் ஒட்டிவைத்திருக்கிறோம். முழங்கால் வற்றியது. அடுத்த ஆண்டு இடது கணுக்கால் வீங்கியபோதுதான் அல்ட்ராசவுண்டின் முழு மதிப்பும் எங்களுக்குப் புரிந்தது. கணுக்கால் என்று நாம் ஒரே பெயரால் சொல்லும் இடத்தில் மேலும் கீழுமாகப் பல மூட்டுகளும், அவற்றைச் சுற்றி உறைக்குள் ஓடும் நாண்களும் நெருங்கி இருக்கின்றன. வெளியே இருந்து அழுத்திப் பார்த்தால் எல்லாம் ஒரே வீக்கம். ஸ்கேனில் பார்த்தபோது பெரிய மூட்டில் ஒன்றுமே இல்லை; உள் கணுவுக்குப் பின்னால் ஓடும் நாணின் உறைதான் தடித்து நீர் கோத்திருந்தது. மூட்டுக்குள் ஊசி போட்டிருந்தால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி முனையை அந்த உறைக்குள் கொண்டுபோய் மருந்தைச் செலுத்தினார்கள். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் வீக்கம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், ஊசிக்கு முன் ஸ்கேன் பார்க்கப்படுமா என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டால் எட்ட முடியாத இடங்களும் உண்டு. ஒலி எலும்பைத் தாண்டிப் போகாது. ஆகவே எலும்பின் உட்பகுதியையும் முதுகெலும்பையும் இடுப்பின் பின்பக்கம் இருக்கும் சாக்ரோஇலியாக் மூட்டையும் அதனால் சரியாகப் பார்க்க முடியாது. தாடை மூட்டில் மேலோட்டமாகத்தான் பார்க்க முடியும். அங்கெல்லாம் எம்.ஆர்.ஐ. தேவைப்படுகிறது. அதிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. பூமியின் காந்தப் புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு வலுவான காந்தத்துக்குள் உடலை வைத்து, உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை வானொலி அலைகளால் தூண்டி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். அழற்சியின் காரணமாக எலும்பு மஜ்ஜையில் நீர் ஊறியிருப்பதைக் காட்ட இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை.

மகளுக்கு ஏழு வயது ஆகும்போது முறுக்கை ஒரே பக்கமாக வைத்துக் கடிப்பதை என் மாமியார்தான் கவனித்தார். கொட்டாவி விடும்போது முகவாய் வலப்பக்கம் இழுத்துப் போவதை அதன் பிறகு நானும் கண்டேன். தன் மூன்று விரல்களைச் சேர்த்து வாய்க்குள் நிறுத்திவைக்க அவளால் முடியவில்லை. வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். தாடை மூட்டில் அழற்சி வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் வலியில்லாமல் இருக்கும் என்றும், கீழ்த்தாடை வளர்வதற்கான மையம் அந்த மூட்டின் பரப்பை ஒட்டியே இருப்பதால் விட்டுவிட்டால் தாடை வளராமல் முகம் கோணிவிடக்கூடும் என்றும் சொல்லி, மருத்துவர் கான்ட்ராஸ்ட் கொடுத்து, அதாவது அழற்சியைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்தை ஊசியில் செலுத்தி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஜே.ஐ.ஏ. உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் மாதம் ஒருமுறையாவது பிள்ளையை வாயை அகலத் திறக்கச் சொல்லி நேரே நின்று பார்ப்பது நல்லது. அதற்குச் செலவே இல்லை.

எம்.ஆர்.ஐ.யில் பிள்ளை அசையாமல் அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அதற்காக மயக்க மருந்து கொடுக்க நேரிடும். அப்படியானால் எத்தனை மணி நேரம் முன்பே உணவையும் பாலையும் தண்ணீரையும் நிறுத்த வேண்டும் என்று மயக்க மருத்துவர் சொல்வதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும், பசிக்கிறது என்று அழுதாலும் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கக் கூடாது. எங்கள் மகளுக்கு மயக்கம் இல்லாமலே எடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னதால், வீட்டில் பழக்கினோம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் பாய் விரித்து, மேலே போர்வை போர்த்தி மூடி, அவளை உள்ளே மல்லாந்து படுக்கவைத்து, கைபேசியில் எம்.ஆர்.ஐ. கருவியின் இரைச்சலை ஓடவிடுவேன். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பிறகு அந்த இரைச்சலில் எது தையல் மெஷின் சத்தம், எது கதவைத் தட்டும் சத்தம் என்று அவளே பெயர் வைக்கத் தொடங்கினாள். எச்சில் விழுங்குவதையும் தாடையை அசைப்பதையும் குறைக்கவும் அந்த மேசைக்கு அடியிலேயே பழகினாள். தாடையைப் படமெடுக்கும்போது அதுவும் முக்கியம்.

அன்றைக்கு உடுத்த வேண்டியதை முந்தின இரவே எடுத்து வைத்தேன். கொக்கி, ஜிப், ஜிகினா இல்லாத பருத்திச் சட்டை. தலையில் ஸ்லைடு இல்லை, காதில் கம்மல் இல்லை, கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டாயிற்று. சிறுவர்களுக்கு அரைஞாண் கயிற்றில் தாயத்து கட்டியிருந்தால் அதுவும் கழற்றப்பட வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இருக்க அனுமதித்தால் அவருக்கும் இந்த விதி உண்டு; சேலையில் ஊக்கு குத்தியிருக்கும் என்பதால் நான் சுடிதார் உடுத்துப் போனேன். உடலுக்குள் உலோகத் தகடோ திருகோ கருவியோ இருந்தால் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். காதில் அடைப்பான் வைத்து, மேலே ஹெட்போன் மாட்டினார்கள். அவளைக் கருவிக்குள் அனுப்புவதற்கு முன்பே, தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீமைத் தடவிக் காத்திருந்து, கான்ட்ராஸ்ட் செலுத்துவதற்கான ஊசியைக் குத்தினார்கள். உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா, நான் அனங்கவே இல்ல, பாத்தியா?"

கான்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது கெடோலினியம் என்னும் உலோகம். அழற்சியுள்ள சவ்வில் இரத்தக் குழாய்கள் மிகுந்திருப்பதால் மருந்து அங்கே விரைந்து சேர்ந்து பளிச்சென்று காட்டும். நேரம் கடந்தால் அது மூட்டு நீருக்குள்ளும் பரவிச் சவ்வுக்கும் நீருக்கும் எல்லை தெரியாமல் போகும் என்பதால் ஊசி போட்ட சில நிமிடங்களுக்குள் படம் எடுத்துவிடுகிறார்கள். சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று முன்னதாகக் கிரியாட்டினின் பார்ப்பார்கள். மீண்டும் மீண்டும் கொடுக்கும்போது இந்த உலோகம் நுண்ணிய அளவில் மூளையில் தங்குகிறது என்பது 2014 முதல் வெளிவந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அதனால் நோய் எதுவும் உண்டாவதாக நிறுவப்படவில்லை. எனினும் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளாத வகை மருந்துகள் சிலவற்றின் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்திவைத்தது. உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் மேக்ரோசைக்ளிக் வகை மருந்துதான் கொடுக்கப்படுகிறதா என்று நான் கேட்டேன், ஆம் என்றார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கதிர்வீச்சு இல்லை என்பதற்காக எதையும் யோசிக்காமல் எடுத்துவிடலாம் என்று பொருள் ஆகாது. மயக்க மருந்துக்கும் கான்ட்ராஸ்ட்டுக்கும் தனித்தனியே ஒரு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இல்லாத இடத்தில் கான்ட்ராஸ்ட் தேவையே இல்லை என்பதற்கு என் அண்ணன் மகன் உதாரணம். குலசேகரத்தில் இருக்கிறான், பன்னிரண்டு வயது, பந்து விளையாடுகிறவன். குதிகாலிலும் பிட்டத்திலும் காலை நேர வலி என்று வந்தபோது விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நாண்கள் எலும்பில் ஒட்டும் இடங்களில் அழற்சி வரும் ஒரு வகை ஜே.ஐ.ஏ. நம் நாட்டுச் சிறுவர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. அந்த வகையோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ.-பி27 என்ற இரத்தப் பரிசோதனை அவனுக்குப் பாசிட்டிவ். இடுப்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சி.டி. வேண்டாம், பிறப்புறுப்புகளுக்கு அருகே அந்த அளவு கதிர் தேவையில்லை என்று மருத்துவர் எம்.ஆர்.ஐ.யே எழுதினார். கொழுப்பின் ஒளிர்வை அடக்கி நீரை மட்டும் பளிச்சிடவைக்கும் ஸ்டிர் என்ற முறையில், கான்ட்ராஸ்ட் இல்லாமலே எடுத்த படத்தில் இடப்பக்க சாக்ரோஇலியாக் மூட்டின் இரு கரைகளிலும் மஜ்ஜை வெண்மையாகத் தெரிந்தது. வளரும் பிள்ளைகளில் நோய் இல்லாமலும் அங்கே சற்று வெண்மை தெரிவது உண்டு என்பதால் படத்தோடு வலியையும் பரிசோதனையையும் சேர்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதை எங்களிடமும் மருத்துவர் வற்புறுத்தியிருக்கிறார். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தால் எங்கோ ஒரு மூட்டில் சிறிது நீரோ டாப்ளர் புள்ளியோ தென்படலாம். அதற்காக உடனே மருந்தைக் கூட்டுவதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதுபோலவே, எந்த மூட்டு ஸ்கேனும் கண்ணைப் பார்க்காது. ஜே.ஐ.ஏ. உள்ள பிள்ளைகளுக்கு, முக்கியமாகச் சிறு வயதில் சில மூட்டுகளில் மட்டும் தொடங்கி ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆக இருப்பவர்களுக்கு, கண்ணுக்குள் அழற்சி வரக்கூடும். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளை ஒன்றும் சொல்லாது. ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியால் பார்த்தால் மட்டுமே தெரியும். மூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் கண் மருத்துவரிடம் போகிறோம்.

தாடையில் அழற்சி உறுதியானதால் மருந்தை மாற்றினார்கள். இப்போது மூன்று விரலும் வாய்க்குள் போகின்றன. முகவாய் இன்னும் சற்று வலப்பக்கம் இழுக்கிறது, அதற்குப் பல் மருத்துவரும் சேர்ந்து பார்த்து வருகிறார்.

ஸ்கேன் முடிந்ததும் அறிக்கைத் தாளோடும் பிலிமோடும் திரும்பிவிடாமல் படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். பிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்களே இருக்கும், எம்.ஆர்.ஐ.யின் எல்லா வெட்டுகளையும் அடுத்த மருத்துவர் தாமே பார்க்க அது போதாது. அல்ட்ராசவுண்டாக இருந்தால் டாப்ளர் ஓடும் சிறு வீடியோவையும் பதிவு செய்து தரச் சொல்லலாம். கூடியமட்டும் ஒரே சென்டரில், ஒரே மருத்துவரிடம், ஒரே வகைக் கருவியில் எடுங்கள். சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வேறுபாடு நோயால் வந்ததா கருவியால் வந்ததா என்ற குழப்பம் குறையும். செலவு தாங்காதவர்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தம் பிள்ளைக்கான பரிசோதனை வருமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் எழுதிய சீட்டைக் காட்டி, ஸ்கேனுக்கு முன்பே விசாரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாக் குறுந்தகடுகளும் தேதி எழுதிய உறைகளில் ஒரே கோப்பில் இருக்கின்றன. ஒவ்வோர் உறையின் மேலும் அன்று அவள் எந்த மருந்தை, எந்த அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.